விடுதி அறையில் வளையல் திருடுபோனால் யார் பொறுப்பு?

கேள்வி: பீனிக்ஸில் வசிக்கிறேன். என் வளைகாப்புக்கு அம்மா ஊரிலிருந்து வந்து ஆறு பவுனில் வளையல் போட்டார். அப்புறம் குடும்பத்தோடு வடக்கு அரிசோனாவில் ரயில்வே காலத்துப் பழைய விடுதி ஒன்றில் தங்கினோம். வளையலைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குப் போனேன். திரும்பி வந்தால் காணோம். கதவில் அந்தக் காலத்துச் சாவிப் பூட்டு. "பாரம்பரியக் கட்டடம், பூட்டை மாற்ற முடியாது, நாங்கள் பொறுப்பல்ல" என்கிறார் மேலாளர். நஷ்டஈடு கேட்க முடியுமா?

பதில்: கேட்கலாம் அம்மா. மேலாளர் வாயால் சொல்வது சட்டம் ஆகிவிடாது.

விருந்தினரின் பொருளுக்கு விடுதிக்காரரே பொறுப்பு என்பது இங்கிலாந்திலிருந்து வந்த பழைய விதி. அரிசோனா சட்டத்தின் 33-302 பிரிவு அதைத் தளர்த்தியிருக்கிறது. தீப்பிடிக்காத பெட்டகம் வைத்து, நகை, பணத்தை அதில் ஒப்படைக்கலாம் என்று அலுவலகத்திலோ ஒவ்வொரு அறையிலோ கண்ணில் படும்படி அறிவிப்பு ஒட்டியிருந்தால், ஒப்படைக்காத நகைக்கு விடுதிக்காரர் பொறுப்பல்ல. அவர் செயலாலேயே போயிருந்தால் மட்டும் அவருக்குப் பொறுப்பு உண்டு. ஊழியர் எடுத்திருந்தால் அது 'அவர் செயலா' என்பதை நீதிமன்றத்தில் வாதாட வேண்டியிருக்கும்.

ஆக, உங்கள் வழக்கு அந்த அறிவிப்பில்தான் நிற்கிறது. அறையில் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். கதவின் பின்புறம் என்ன ஒட்டியிருந்தது? பழைய அழகு கெடக்கூடாதென்று அலமாரிக்குள் ஒட்டியிருந்தால், அது கண்ணில் படும் இடமே அல்ல என்று வாதாடலாம். வரவேற்பு மேசையையும் பார்க்க வேண்டும்; அங்கே ஒட்டியிருந்தாலும் அவர்களுக்குப் போதும்.

பூட்டு விஷயத்தில் மேலாளர் சொல்வது பெரும்பாலும் சாக்கு. 1966-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டப்படியான தேசியப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததாலேயே, தனியார் உரிமையாளர் தன் சொந்தப் பணத்தில் பூட்டு மாற்றத் தடை வருவதில்லை. உள்ளூர் விதியோ வரிச் சலுகை நிபந்தனையோ இருந்தால் காட்டச் சொல்லுங்கள். மின்னணுப் பூட்டு என்றால் யார் எப்போது திறந்தார் என்ற பதிவு இருக்கும்; இங்கே அது கிடையாது. அதனால் எல்லா அறைகளையும் திறக்கும் மாஸ்டர் சாவி எத்தனை, அன்று யார் கையில் இருந்தது என்பது முக்கியம். சாவிப் பதிவேட்டையும் சிசிடிவி பதிவையும் அழிக்காமல் வைக்கும்படி இன்றே எழுத்தில் கேளுங்கள். கேமரா பதிவுகள் சீக்கிரம் அழிந்துவிடும்.

போலீஸ் புகார் கொடுக்கவில்லை என்றால் உடனே கொடுங்கள். ஊர் நகைக்கடை ரசீதையும், வளையல் கையோடு இருக்கும் வளைகாப்புப் படங்களையும் எடுத்து வையுங்கள். வளையலின் மதிப்புக்கு அவைதான் சாட்சி. அம்மா ஆசையாகப் போட்டது என்பது எனக்குப் புரிகிறது; ஆனால் நீதிமன்றம் சந்தை விலையைத்தான் பார்க்கும். 10,000 டாலர் வரையிலான வழக்கை ஜஸ்டிஸ் கோர்ட் என்ற கீழ்நிலை நீதிமன்றத்தில் போடலாம். கெடு இரண்டு வருடம்.

வாடகை வீட்டுக் காப்பீடு இருக்கிறதா? வெளியூரில் திருடுபோன உங்கள் பொருளுக்கும் அது பொதுவாக உதவும். ஆனால் நகைத் திருட்டுக்குப் பல பாலிசிகளில் 1,500 டாலர்தான் உச்சவரம்பு. காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுத்துவிட்டு விடுதியிடம் அதை வசூலிக்கப் பார்க்கலாம். அதனால் சமாதானமாக இலவசத் தங்கல் தருகிறோம் என்று விடுதி, 'இனி எதுவும் கேட்கமாட்டேன்' என்பது போன்ற தாளை நீட்டினால், காப்பீட்டாரிடம் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.