பாய்காட்டும் தடையும் ஒன்றல்ல

கேள்வி: 'பாய்காட்' என்ற ஆங்கில வினைச்சொல்லைத் தமிழில் 'தடை செய்' என்று எழுதினால் என்ன தவறு? அதன் முன்பாதி 'பையன்' என்ற சொல்தானே? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: இரண்டும் தவறு. அது ஒருவருடைய குடும்பப் பெயர். சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட் என்ற ஆங்கிலேயர், அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் மாஸ்க் ஏரிக்கரையில் ஏர்ன் பிரபுவின் நிலங்களுக்குக் காரியஸ்தராக இருந்தார். 1880-இல் விளைச்சல் மோசம். குத்தகையில் 25 சதவீதம் குறைக்கக் கேட்டார்கள் குடியானவர்கள். பிரபு 10-க்கு மேல் இறங்கவில்லை. செப்டம்பரில் பாய்காட் வெளியேற்ற நோட்டீஸ் கொடுக்க ஆள் அனுப்பினார்.

அதற்குச் சில நாள் முன்புதான், 19-ஆம் தேதி, எனிஸ் நகரில், குடியானவர்களுக்காகப் போராடிய நிலச் சங்கத்தின் தலைவர் பார்னெல் வழி சொல்லியிருந்தார்: வெளியேற்றப்பட்டவனின் நிலத்தை எடுத்துக்கொள்பவனை அடிக்க வேண்டாம், தெருவில், கடையில், சந்தையில், தேவாலயத்தில்கூட அவனை ஒதுக்குங்கள். மேயோ மக்கள் அதைக் காரியஸ்தர் மீதே பிரயோகித்தார்கள். வீட்டு வேலையாட்கள் நின்றுவிட்டார்கள். லாடம் அடிக்கக் கொல்லர் இல்லை, துணி வெளுக்க ஆள் இல்லை, பாலின்ரோப் கடைகளில் சாமான் இல்லை. வேறு மாவட்டங்களிலிருந்து 50 பேர் வந்து, படையின் காவலில் அறுவடை செய்தார்கள். சுமார் 500 பவுண்டு பயிருக்கு 10,000 பவுண்டு செலவு என்று கணக்கிட்டார்கள். டிசம்பர் முதல் தேதி பாய்காட் அயர்லாந்தை விட்டே கிளம்பினார்.

பெயரை வினைச்சொல் ஆக்கியவர் உள்ளூர்ப் பாதிரியார் ஜான் ஓமாலி என்கிறார் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத். 'ஆஸ்ட்ரசைஸ்' என்ற கிரேக்க வழிச் சொல் (ஏதென்ஸில் பானை ஓட்டில் பெயர் கீறி ஒருவரைப் பத்தாண்டு நாடு கடத்திய வழக்கம்) குடியானவர்களுக்குப் புரியாது என்று பாதிரியார் நினைத்தாராம்.

இப்போது 'தடை'க்கு வருகிறேன். தடை என்பது அதிகாரம் உள்ளவர் போடுவது. ஒரு பொருளை இறக்காதே என்று அரசு ஆணையிட்டால் தடை. வாங்க மாட்டோம் என்று மக்கள் விலகினால் பாய்காட். தமிழில் 'புறக்கணி' சரியாகப் பொருந்தும். இலங்கை ஏடுகளில் 'பகிஷ்கரிப்பு' நிலைத்துவிட்டது, அதுவும் சரியே. 1931-இல் யாழ்ப்பாண வாலிப காங்கிரசின் அழைப்பை ஏற்று, யாழ்ப்பாணத்தின் 4 தொகுதிகளில் அரசாங்க சபை (அன்றைய இலங்கைச் சட்டமன்றம்) தேர்தலுக்கு ஒருவரும் வேட்புமனு போடவில்லை. இதைத் 'தேர்தல் தடை' என்று எழுதிப் பாருங்கள்: தடுத்தது பிரிட்டிஷ் அரசு என்று ஆகிவிடும்.

இன்னொரு பிழையும் கண்ணில் படுகிறது. ஊர் கூடி ஒரு குடும்பத்துக்குத் தண்ணீரும் கடைச்சாமானும் மறுப்பதை ஆங்கிலம் 'சோஷியல் பாய்காட்' என்கிறது. அதைக் குற்றமாக்கி மகாராஷ்டிரம் 2016-இல் தனிச் சட்டமே இயற்றியது. இதைச் 'சமூகப் புறக்கணிப்பு' என்று மொழிபெயர்க்கிறார்கள். வேண்டாம். 'ஊர்விலக்கு' என்று எழுதுங்கள். யார் யாரை என்ன செய்தார்கள் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.