உளைச்சல் வரலாம், சுரீர் என்று இழுக்கக்கூடாது

கேள்வி: சிங்கப்பூரில் வசிக்கிறேன். வயது 54. முழங்கால் வலிக்காகச் சீன மருத்துவர் ஒருவரிடம் அக்குபங்சர் செய்துகொள்கிறேன். முழங்காலுக்குக் கீழே ஊசியைக் குத்தியபின் அதைத் திருகி, மேலும் கீழும் அசைத்து, 'ஸுவான்? ஸுவான்?' என்று கேட்கிறார். கால் கனத்துப்போய் உள்ளே உளைகிறது. நரம்பில் குத்திவிட்டாரோ என்று பயமாக இருக்கிறது. அவருக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: பயப்படாதீர்கள். அந்த உளைச்சல் வந்துவிட்டதா என்றுதான் அவர் கேட்கிறார். 'ஸுவான்' என்றால் சீன மொழியில் புளிப்பு. நாளெல்லாம் நின்ற காலில் இரவு வருகிற உளைச்சலுக்கும் அதே சொல்தான். இதனுடன் மதமதப்பு, உள்ளிருந்து விம்முவது போன்ற இறுக்கம், கனம் ஆகிய மூன்றையும் சேர்த்து, 'சீ' எனும் உயிராற்றல் ஊசிக்கு வந்து சேர்ந்ததன் அடையாளம் என்கிறது சீன மரபு. மருத்துவரின் விரலுக்கும் அது தெரியும். வழுக்கிக்கொண்டு போன ஊசியைத் தசை லேசாகக் கவ்வும். தூண்டிலில் மீன் இரையை விழுங்கும்போது ஏற்படும் அசைவைப் போல என்று 13ஆம் நூற்றாண்டு மருத்துவர் தோ ஹன்சிங் எழுதினார். அதைவிடப் பொருத்தமான உவமையை நான் படித்ததில்லை.

நீங்கள் சொல்லும் இடம் பெரும்பாலும் ஸூசான்லீ புள்ளியாக இருக்கும். முழங்கால் சில்லுக்குக் கீழே வெளிப்புறக் குழியிலிருந்து உங்கள் கையால் நான்கு விரல் இறக்கி, கணைக்கால் முன்னெலும்பிலிருந்து ஒரு விரல் வெளியே தள்ளிப் பாருங்கள். நல்ல சதைப்பற்றுள்ள இடம். அதனால்தான் அங்கே ஊசியை ஓர் அங்குல ஆழத்துக்குச் செங்குத்தாக இறக்க முடிகிறது. ஊசியின் பருமன் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். மருந்து ஏற்றும் ஊசியைப் போல உள்ளே துளையும் கிடையாது.

திருகுவதைக் கவனித்துப் பாருங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே ஊசியை இப்படியும் அப்படியும் சம அளவில் உருட்டுவார். ஒரே பக்கமாகத் திருகிக்கொண்டே போனால், கதிரில் நூல் சுற்றுவது போலத் தோலடி இணைப்புத் திசுவின் இழைகள் ஊசியில் சுற்றிக்கொள்ளும். அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஹெலன் லாஞ்செவின் குழு இதை ஆராய்ந்து காட்டியிருக்கிறது. அப்படி ஊசி சிக்கிக்கொண்டால் காலை இழுத்துவிடாதீர்கள். மருத்துவர் எதிர்ப்பக்கம் மெல்லத் திருப்பி, சுற்றிலும் நீவிவிட்டால் தசை தளர்ந்து ஊசியை விட்டுவிடும்.

எந்தப் பக்கம் திருகினால் ஆற்றலைக் கூட்டும், எந்தப் பக்கம் குறைக்கும் என்பதில் மரபுக்கு மரபு கருத்து வேறுபடும். அது உங்கள் கவலை அல்ல. உங்கள் கவலை சுரீர் என்ற வலி மட்டுமே. மின்சாரம் பாய்ந்தது போலப் பாதம் வரை இழுத்தால் ஊசி நரம்பைத் தொட்டிருக்கலாம். உடனே சொல்லுங்கள், அவர் ஊசியைச் சற்றுப் பின்னுக்கு இழுக்க வேண்டும். வியர்த்துக் கண் இருட்டினாலும் சொல்லுங்கள். எல்லா ஊசிகளையும் எடுத்துவிட்டுப் படுக்க வைப்பார். தோள்பட்டை, மார்பு, மேல்முதுகு ஆகிய இடங்களில் ஆழமாகக் குத்துவது ஆபத்து. கீழே நுரையீரல் இருக்கிறது. அங்கே ஊசி போட்டபின் மூச்சுத் திணறினால் வீட்டுக்குப் போகாமல் நேராக மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

உளைச்சல் அதிகமானால் குணமும் அதிகம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. முழங்கால் தேய்மானத்தில் அக்குபங்சர் சிலருக்கு வலியைக் குறைக்கிறது. ஆனால், ஆய்வுகளில் முறையான ஊசிக்கும் பாவனை ஊசிக்கும் இடையே தெரிந்த வேறுபாடு சிறியது. தேய்ந்த குருத்தெலும்பு இதனால் வளராது. ஆகவே தொடைத் தசைக்கான பயிற்சியை விட்டுவிடாதீர்கள்.

அடுத்த முறை வெறும் வயிற்றோடு போகாதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் முதலிலேயே தெரிவித்துவிடுங்கள். உளைந்தால் 'ஸுவான்' என்று சொன்னால் போதும். சுரீர் என்றால் 'தோங்' என்று சொல்லுங்கள். வலிக்கிறது என்று பொருள். அவர் கை அங்கேயே நின்றுவிடும்.