வீட்டுக்குக் காவலாக அப்பாவை வைக்காதீர்கள்

கேள்வி: நகரத்தில் வேலை பார்க்கிறேன். விடுமுறை நாளில் மனைவி, 8 வயது மகள், 5 வயது மகனோடு ஊருக்கு வெளியே வயல்வெளி, ஆற்றங்கரை மாதிரி அழகான இடத்தில் கொஞ்சம் நடந்துவிட்டு வர ஆசை. ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள் இருக்க வேண்டும், பெரிய ஏற்றம் கூடாது. இணையத்தில் தேடினால் மலையேறுகிறவர்களுக்கான பாதைகள்தான் வருகின்றன. 'சுலபம்' என்று போட்டிருந்த பாதைகளுக்குப் போய், பிள்ளைகள் அழுது பாதியில் திரும்பியிருக்கிறோம். நிஜமாகவே சுலபமான பாதையை எப்படிக் கண்டுபிடிப்பது? (அப்பா எங்களோடுதான் இருக்கிறார், 71 வயது. நாங்கள் போகும்போது வீட்டைப் பார்த்துக்கொள்வார். தினமும் மொட்டைமாடியில் ஒரு மணி நேரம் நடக்கிறவர், அதனால் அவருக்கு நடை ஒரு பிரச்சினை இல்லை.)

பதில்: அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே தம்பி, எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

உங்கள் வீட்டில் தினமும் ஒரு மணி நேரம் நடக்கிற ஆள் அவர் ஒருவர்தான். நீங்களோ உங்கள் மனைவியோ நடப்பதாகக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. குடும்பமே நடக்கக் கிளம்புகிறது, நடந்து பழகியவர் மட்டும் கதவுக்குக் காவல். பூட்டு எதற்கு இருக்கிறது? அவர் மாடியில் சுற்றுவது மாடி அவ்வளவு பிடித்துப்போய் என்றா நினைக்கிறீர்கள்? தெருவில் வண்டிகளுக்கு நடுவே நடக்க பயமாக இருக்கலாம், தனியாக வெளியே போனால் மகன் கவலைப்படுவான் என்று இருக்கலாம், கூப்பிட ஆள் இல்லாமலும் இருக்கலாம். எது என்று நீங்கள் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் நடப்பதைப் பார்த்தீர்கள், அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டீர்கள்.

இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன, பாதிக்கு மேல் கடிதங்களில் யாரோ ஒரு பெரியவர் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். பெற்றவரைக் கூட வைத்துக்கொள்வது என்றால் வேளைக்குச் சாப்பாடும் மருந்தும் கொடுப்பதோடு முடிந்துவிடாது. குடும்பம் சிரித்துக்கொண்டிருக்கிற நேரத்தில் அவரும் அங்கே இருக்க வேண்டும். இந்த விஷயத்தில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

சரி, பாதைக்கு வருகிறேன். நீங்கள் ஏன் பாதியில் திரும்பினீர்கள் தெரியுமா? உங்கள் காலுக்குப் பாதை தேடினீர்கள். அப்பாவின் காலுக்குத் தேடியிருந்தால் அது 5 வயதுப் பையனுக்கும் சரியாக இருந்திருக்கும். நடை நேரத்துக்கு இன்றும் பலர் அடிப்படையாக வைத்துக்கொள்வது, 1892-ல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு: சுமார் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். திடமான ஆள், உட்காராமல் நடந்தால் அந்தக் கணக்கு சரி. உங்கள் குடும்பத்துக்கு மணிக்கு 2 கிலோமீட்டர் என்று வையுங்கள், கல் பொறுக்க நிற்பது, தண்ணீர் குடிப்பது, மூச்சு வாங்குவது எல்லாம் அதில் அடக்கம். இரண்டு மணி நேரம், 4 கிலோமீட்டர், முதல் நடைக்கு இது தாராளமாகப் போதும். மாடியில் ஒரு மணி நேரம் நடக்கிறவர் வெளியிலும் அவ்வளவு நடப்பார் என்று நினைத்துவிடாதீர்கள், மாடி சமதளம், மண்பாதை அப்படி இல்லை. இதய நோயோ மூட்டுத் தொல்லையோ இருந்தால் அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எங்கே தேடுவது? தண்ணீர் ஓடுகிற இடத்தையும், ரயில் ஓடி நின்றுபோன இடத்தையும் தேடுங்கள். பாசன வாய்க்கால் மெல்லிய சரிவில்தான் வெட்டப்படுகிறது, அதனால் அதன் கரையில் மூன்று கிலோமீட்டர் நடந்தாலும் ஏறுகிற உணர்வே வராது, ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் வயல். ரயில் செங்குத்தாக ஏறாது என்பதால் தண்டவாளம் எடுத்துவிட்டுப் பாதையாக மாற்றிய பழைய ரயில் வழிகளும் அப்படித்தான், பெரும்பாலும் 100 மீட்டருக்கு 2 மீட்டருக்கு மேல் ஏறாது. ஏரிக்கரையும் நல்லதுதான், ஆனால் முழுச் சுற்று எத்தனை கிலோமீட்டர் என்று முதலில் பாருங்கள், பெரிய ஏரியைப் பாதி சுற்றிய பிறகு பையன் உட்கார்ந்துவிட்டால் திரும்பினாலும் அதே தூரம்தான். போன வழியே திரும்புகிற பாதைதான் முதலுக்கு நல்லது, எந்த இடத்திலும் 'போதும்' என்று சொல்லலாம்.

வண்டி ஓட்ட வைத்திருக்கிற வரைபடத்தில் இந்தப் பாதைகள் பல வராது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்று ஒன்று இருக்கிறது, 2004-லிருந்து உலகம் முழுக்க ஆர்வலர்கள் சேர்ந்து வரைவது, இலவசம். ஒற்றையடிப் பாதையைப் புள்ளிக்கோடாகக் காட்டும், ஆர்வலர்கள் குறித்த இடங்களில் பெஞ்ச், குடிநீர், கழிப்பறைகூடத் தெரியும். சம உயரக் கோடுகள் உள்ள வரைபடம் கிடைத்தால் இன்னும் நல்லது: கோடுகள் நெருக்கமாக இருந்தால் செங்குத்து, விலகி இருந்தால் சமதளம், உங்கள் பாதை கோடுகளைக் குறுக்கே வெட்டாமல் அவற்றோடு கூடவே போக வேண்டும். அப்புறம் செயற்கைக்கோள் படத்தில் நிழல் இருக்கிறதா என்று பாருங்கள். அழகான புகைப்படத்தை நம்பிக் கிளம்பாதீர்கள், அது எந்த மாதத்தில் எடுத்தது என்று பாருங்கள், மழைக்குப் பிறகு பச்சையாக இருந்த இடம் நீங்கள் போகும்போது பொட்டலாக இருக்கலாம்.

இறக்கத்தைக் கவனியுங்கள். எல்லோரும் ஏற்றத்துக்குத்தான் பயப்படுகிறார்கள், வயதான முழங்காலை வாட்டுவது இறக்கம், அதுவும் களைத்த பிறகு வருகிற இறக்கம்.

கழிப்பறையைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். பெரியவர்கள் பலர் வெளியே வர மறுப்பதற்கு இதுதான் காரணம், ஆனால் மகனிடம் சொல்ல மாட்டார்கள், மருமகளிடம் நிச்சயமாகச் சொல்ல மாட்டார்கள். "எனக்கு அலுப்பா இருக்கு" என்பார்கள், வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்பார்கள். கூச்சத்தில் தண்ணீர் குடிக்காமலேயே வெயிலில் வந்து மயங்கி உட்கார்ந்தவர்களைப் பற்றியும் எனக்குக் கடிதம் வந்திருக்கிறது. அதனால் பாதை தொடங்குகிற இடத்திலாவது கழிப்பறை இருக்கிற பாதையைத் தேர்ந்தெடுங்கள், அவர் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள். கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை உட்கார இடம் வேண்டும், இல்லையென்றால் மடக்கு முக்காலி ஒன்றை நீங்கள் தூக்கிக்கொண்டு வாருங்கள். முதுகில் பை மாட்டிக்கொள்ள உங்களுக்கு வயதிருக்கிறது.

2019-ல் இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரின் தகவல்களை வைத்து வந்த ஓர் ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கையான இடத்தில் கழித்தவர்கள் தங்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகச் சொல்வது அதிகமாக இருந்தது. ஒரே தடவை போனாலும் பிரித்துப் பிரித்துப் போனாலும் வித்தியாசம் இல்லை. வயதானவர்களிடமும் நாள்பட்ட நோய் உள்ளவர்களிடமும் அதே போக்குதான் தெரிந்தது. இது நடைதான் காரணம் என்று நிரூபித்த ஆய்வு இல்லை, ஆனாலும் உங்கள் குடும்பத்தில் யாரை முதலில் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று யோசிக்க இது போதாதா?

முதல் தடவை பிள்ளைகளே வேண்டாம். நீங்களும் அப்பாவும் மட்டும் போய் வெள்ளோட்டம் பாருங்கள். அவருக்கு முன்னால் நடக்காதீர்கள், அவர் பின்னாலோ பக்கத்திலோ நடங்கள், எங்கே நிற்கிறார், எத்தனை நிமிடத்தில் உட்காருகிறார் என்று கவனித்தால் உங்கள் பாதை எவ்வளவு நீளம் இருக்கலாம் என்று தெரிந்துவிடும். அன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற மனைவிக்கு அடுத்த வாரம் அதே மாதிரி ஒரு காலைப்பொழுதை விட்டுக்கொடுங்கள், அதையும் மறக்க வேண்டாம். திரும்புகிற கடைசிப் பேருந்தோ ரயிலோ எத்தனை மணிக்கு என்று போகும்போதே பார்த்துவிடுங்கள், சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போதே பாதையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

கூப்பிட்டால் அவர் முதலில் "நீங்க போய்ட்டு வாங்க" என்பார், யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று பழகிப்போனவர். அந்த ஒரு பதிலோடு விட்டுவிடாதீர்கள், "வர்றீங்களா" என்று பொத்தாம்பொதுவாகவும் கேட்காதீர்கள். ஞாயிறு காலை ஆறரைக்குக் கிளம்புகிறோம், சமதளப் பாதை, கழிப்பறை இருக்கிறது, உட்கார இடம் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் திரும்பிவிடலாம் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "நம்ம ரெண்டு பேருக்கும் பயணச்சீட்டு எடுத்துட்டேன்" என்று சொல்லுங்கள், சொல்வதற்கு முன்னால் நிஜமாகவே எடுத்து வையுங்கள்.