லீசிங் எடுக்கும் முன் கடைக்குள் விசாரியுங்கள்

கேள்வி: தம்பி உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறான். போனில் ஓடர் எடுத்துக் கடைச் சாமான்களை வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பெருகுகிறதாம். லீசிங்கில் மோட்டார் சைக்கிள் எடுத்துத் தரச் சொல்கிறான். எடுக்கலாமா?
– ஒரு சகோதரி, கல்லடி

பதில்: இப்போதைக்கு வேண்டாம். தம்பியின் ஆர்வத்தைக் குறை சொல்லவில்லை, கணக்குத்தான் இடிக்கிறது. மாதத் தவணை 20,000 ரூபாய், ஒரு நடைக்கு 150 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலுக்கும் தேய்மானத்துக்கும் 50 போனால் மிச்சம் 100. தவணையை அடைக்கவே 200 நடை ஓட வேண்டும். அதற்குப் பிறகு வருவதுதான் வீட்டுக்கு. நமது மட்டக்களப்பில் வாவி வேறு குறுக்கே கிடக்கிறது. புளியந்தீவிலிருந்து வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுக்குப் போனால், திரும்பும்போது பை வெறுமை. பெட்ரோல் வெறுமையாக எரியும்.

இந்த வியாபாரம் வளரும்போது கடைக்குள்ளும் ஆள் தேவைப்படுகிறது. அதைப் பலரும் கவனிப்பதில்லை. தம்பி முதலில் அந்த வேலையைக் கேட்டுப் பார்க்கட்டும். ஓடரைப் பார்த்துச் சாமான் எடுத்துக் கட்டுபவரின் கை நேர்த்தியில்தான் வாடிக்கையாளர் மறுபடி வருகிறார். வெங்காயம் அடியில், முட்டை மேலே. தயிர்ச் சட்டி சரியாமல் இருக்க இருபுறமும் அரிசிப் பை. கேட்ட பருப்பு இல்லையென்றால் உடனே அழைத்து, "வேறு வகை இருக்கிறது, வைக்கட்டுமா?" என்று பணிவாகக் கேட்க வேண்டும். தமிழோடு சிங்களமும் பேசத் தெரிந்தால் இன்னும் நல்லது.

கடை அவனை ஊழியராகச் சேர்த்தால், ஊழியர் சேமலாப நிதிக்கு அவனுடைய சம்பளத்தில் 8 வீதம் கழியும். முதலாளி 12 வீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு மேலும் 3 வீதம் முதலாளியின் பொறுப்பு. செயலி வழியாக நடைக்கு நடை ஓடுபவர்களைப் பெரும்பாலும் ஊழியராகவே கணக்கெடுப்பதில்லை. இது எனக்கு உண்மையாகவே மனவருத்தம் தரும் விடயம். வெயிலிலும் மாரி மழையிலும் ஓடுகிற பிள்ளைகள் அவர்கள்தான்.

ஓடத்தான் வேண்டும் என்று தம்பி நின்றால், வீட்டாரிடம் இருக்கும் பழைய வண்டியில் ஒரு மாதம் ஓடிப் பார்க்கட்டும். ஒவ்வொரு நடையின் தூரத்தையும் வரவையும் கொப்பியில் எழுதட்டும். சாரதி அனுமதிப்பத்திரம் கையில் இருக்க வேண்டும். மூன்றாந்தரப்புக் காப்புறுதி மட்டும் இருந்தால், அவன் தானாக விழுந்து அடிபட்டால் ஒரு சதமும் கிடைக்காது. விபத்து நேர்ந்தால் செலவை யார் ஏற்பது என்பதை, வேலை தருபவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கொப்பிக் கணக்கைப் பார்த்த பிறகு லீசிங் பற்றிப் பேசலாம்.