வன்னியில் பூட்டனாரைத் தேடுவதற்குக் குடும்பப்பெயரை நம்பாதீர்கள்

பூட்டனார் முள்ளியவளைப் பக்கத்தவர் என்கிறீர்கள். கனடாவில் உங்கள் கடவுச்சீட்டில் குடும்பப்பெயராக நிற்கும் ‘உடையார்’ எங்கிருந்து வந்தது, அவருடைய வாழ்க்கையை எங்கே தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்தப் பெயர். நம்மவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப்பெயர் வழக்கத்தில் இல்லை. ‘வேலுப்பிள்ளை கந்தையா’ என்றால் வேலுப்பிள்ளையின் மகன் கந்தையா. கந்தையாவின் மகனுக்கு முன்னால் கந்தையா வந்துவிடுவார், வேலுப்பிள்ளை மறைந்துவிடுவார். உடையார் என்பதோ பதவி. மணியகாரர், உடையார், விதானையார் என்று பிரித்தானியர் ஆட்சியில் இருந்த தலைமைக்காரர் வரிசையில் ஒன்று. உங்கள் முன்னோர் ஒருவர் அந்தப் பதவியை வகித்து, ஊர் அவரை அப்படியே அழைத்து, பின்னால் வெளிநாட்டுப் படிவத்தின் வெற்றுக் கட்டத்தில் அந்தச் சொல் அமர்ந்திருக்கக்கூடும். என் பெரியப்பா பிரான்சில் தகப்பனாரின் பெயரைக் கொடுத்தார், சித்தப்பா கனடாவில் தன் பெயரையே கொடுத்தார். இன்று ஒரே பாட்டனாரின் பேரப்பிள்ளைகள் இரண்டு குடும்பப்பெயர்களில் வாழ்கிறார்கள். பெயரை வைத்துத் தேடினால் சொந்த இரத்தத்தையே தவறவிடுவீர்கள்.

உங்கள் தந்தையாரின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுங்கள். 1948 குடியுரிமைச் சட்டத்துக்குப் பின் வந்த பழைய படிவங்களில், பிள்ளையின் பாட்டனார் இலங்கையில் பிறந்தவரானால் அவருடைய முழுப்பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் ஆகியவற்றுக்குத் தனிக் கூடு உண்டு. உங்கள் தந்தையாரின் பாட்டனார்தானே உங்கள் பூட்டனார்!

அடுத்தது காணி உறுதி, அதாவது காணியின் உரிமைப் பத்திரம். இதைத்தான் நான் மிகவும் வற்புறுத்துவேன். 2009இல் போரின் கடைசியில் எங்கள் உறுதிப் பெட்டி பதுங்குகுழியோடு போய்விட்டது. எல்லாம் அழிந்ததென்று அம்மா பல மாதம் அழுதார். ஆனால் நொத்தாரிசு (உறுதி எழுதிச் சான்றளிக்கும் சட்டத்தரணி) எழுதும் ஒவ்வோர் உறுதியின் இரண்டாம் பிரதியும் காணிப் பதிவகத்துக்குப் போகவேண்டும் என்பது சட்டம். ஊரின் பெயரையும் காணியின் பெயரையும் கொண்டு போய், பல நடை நடந்து, அம்மம்மாவின் தாயாருக்கு எழுதிய சீதன உறுதியின் பிரதியை வாங்கினேன். அதுவரை அவரை வீட்டில் ‘ஆச்சி’ என்றுதான் சொல்வார்கள். அவருடைய பெயரை முதன்முதலாக அந்தத் தாளில்தான் வாசித்தேன். பெண்வழியைத் தேடுவோர் சீதன உறுதியை விட்டுவிடவே கூடாது. வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் சீதனம் பெண்ணின் சொத்து, ஆகவே அவள் பெயர் அங்கே எழுதப்பட்டே ஆகவேண்டும்.

உறுதியின் கடைசியில் வரும் நான்கு எல்லைகளையும் நிதானமாகப் படியுங்கள். வடக்கு இன்னாருடைய காணி, கிழக்கு இன்னாருடைய வயல், தெற்கு குளக்கட்டு என்று போகும். தகப்பன் காணியைப் பிள்ளைகள் பங்கிட்டால் பக்கத்துக் காணிக்காரர் பெரும்பாலும் உடன்பிறப்புகளாகவே இருப்பார்கள். அந்தப் பெயர்களை ஊரில் எண்பது கடந்த ஒருவரிடம் தொலைபேசியிலாவது வாசித்துக் காட்டுங்கள். நான் ஒரு பெரியம்மாவிடம் வாசித்தேன். இரண்டாவது பெயரிலேயே நிறுத்தி, “அவர் ஆச்சியின் தமையன், வட்டுவாகலில் கலியாணம் முடித்தவர்” என்றார். எங்கள் வீட்டில் யாரும் கேள்விப்பட்டிராத ஒரு கிளை அங்கே இருந்தது. அடுத்த வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு அவர்களும் நாங்களும் ஒன்றாகப் போனோம்.