அரை வட்டி

அன்புள்ள சார்,

மார்த்தாண்டத்தில் ஒரு நிதி ஆலோசனை அலுவலகத்தில் நான்கு ஆண்டுகளாக அனலிஸ்டாக இருக்கிறேன். ரிப்போர்ட் தயாரிப்பதும் அதை வாடிக்கையாளர்களுக்கு விளக்குவதும் வேலை. ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு 'வொலட்டிலிட்டி' (விலையின் ஏற்ற இறக்கம்) என்றால் புரியவே மாட்டேன் என்கிறது. போன மாதம் களியக்காவிளை சந்தையில் மீன் விற்கும் ஒரு அம்மா பாலிசித் தாளோடு வந்தார். ஆண்டுக்கு 50,000 வீதம் 20 ஆண்டு கட்டினால் முடிவில் 18 லட்சம். இதன் ஐஆர்ஆர், அதாவது கட்டிய பணத்துக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் வட்டி, 5.3 சதவீதம்தான் என்று கிராஃப் போட்டு முக்கால் மணிநேரம் விளக்கினேன். "செரி மோனே" என்று எழுந்து போனவர், அதே பாலிசியில் இன்னொன்றும் போட்டுவிட்டார். நம் ஜனங்களுக்கு எண்ணறிவே கிடையாது சார். சிஎஃப்ஏ என்ற நிதித்துறைப் படிப்பை முடித்துக் கொச்சிக்குப் போய்விடலாமா? தமிழில் கலைச்சொற்கள் இல்லாததுதான் பிரச்சினையா?

கே.

அன்புள்ள கே,

கொச்சியும் சிஎஃப்ஏவும் உங்கள் வீட்டில் பேசி முடிவெடுக்க வேண்டியவை. கலைச்சொல்லும் பிரச்சினை இல்லை. ஐஆர்ஆரை 'அகவருவாய் விகிதம்' என்று சொல்லியிருந்தால் அந்த அம்மா இன்னும் சீக்கிரம் எழுந்து போயிருப்பார்.

என்னை எழுத உட்கார வைத்தது அந்த 'எண்ணறிவே கிடையாது'. கொஞ்ச நாளாகவே என் பாட்டாவின் நினைவாக இருக்கிறேன். நீங்கள் வந்து கிளறிவிட்டீர்கள்.

பாட்டா பள்ளிக்கூடம் போனதில்லை. திருவிதாங்கூர் காலத்தில் கருப்பட்டிச் சிப்பத்தை வண்டியில் ஏற்றி ஆரல்வாய்மொழி தாண்டி பணகுடி பக்கம் கொண்டுபோய் விற்றவர். அன்றைக்கு எல்லை அங்கேதான். 1956 நவம்பர் 1-க்குப் பிறகுதானே அது களியக்காவிளைக்கு வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் பிரிட்டிஷ் ரூபாய், இந்தப் பக்கம் சக்கரம். பதினாறு காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய். ஆக, நம் திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ இருபத்தெட்டரை. அந்த அரைச் சக்கரத்தை யாரும் அவரிடம் ஏமாற்றியதில்லை. கடைசிக் காலத்தில் கண் தெரியாமல் திண்ணையில் கிடந்தபோதும், யாராவது விலை சொன்னால் முதலில் கேட்பார்: "எந்த ரூவா?"

நீங்கள் எழுதியிருக்கும் அந்த அம்மாவை எனக்குத் தெரியாது. ஆனால் அவரைப் போன்றவர்களைத் தெரியும். காலையில் 900 கையில் வாங்கி, சாயங்காலம் 1,000 திருப்பிக் கொடுப்பார்கள். கடனுக்கு மீன் கொடுத்த முப்பது வீட்டுக் கணக்கைத் தாளில்லாமல் தலையில் சுமப்பார்கள். அவர்களுக்கா எண்ணறிவு இல்லை? தம்பி, உங்களுக்குத்தான் அவர்களுடைய எண் தெரியவில்லை.

நம் ஊரில் வட்டியை ஆண்டுக் கணக்கில் பேசுகிறவர் யார்? வங்கிக்காரர்கள் மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் ரெண்டு வட்டி, மூணு வட்டி, நூற்றுக்கு, மாதத்துக்கு. உங்கள் 5.3-ஐ பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். நூறு ரூபாய்க்கு மாதம் 44 பைசா. "அம்மா, இது அரை வட்டிகூட இல்ல. நீங்க மூணு வட்டிக்கும் மேல வாங்கி அரை வட்டிக்குக் குடுக்கிறீங்க." இதற்குக் கிராஃப் வேண்டாம், முக்கால் மணிநேரம் வேண்டாம். சொல்லி முடிக்கும் முன்பே அவர் ஏஜெண்டைத் திட்ட ஆரம்பித்திருப்பார்.

என் அம்மாவிடம் நானும் இதே தவறைச் செய்தேன். பி.காம் இரண்டாம் வருடம். அம்மா பத்தாயிரம் ரூபாய் சிட்டி (ஏலச்சீட்டு) ஒன்றில் சேர்ந்திருந்தாள். இருபது பேர், மாதம் ஐந்நூறு. இரண்டாவது மாதமே முப்பது சதவீதம் தள்ளி ஏலத்தில் எடுத்துவிட்டாள். கையில் வந்தது ஏழாயிரம். "மூவாயிரம் நஷ்டம்" என்று வீடு அதிரக் கத்தினேன். அம்மா மரச்சீனியைத் தொலித்துக்கொண்டே சொன்னாள்: "லே மக்கா, தள்ளினதில சிட்டி நடத்துற மூப்பனுக்கு ஐந்நூறு போனா மிச்சம் எல்லாருக்கும் பங்கு வரும்லா. எனக்கும் உண்டும். பிளேடுகாரனுக்கு அஞ்சு வட்டி குடுக்கேன், அது உனக்குத் தெரியுமாலே?"

தெரியாது. ரொம்ப வருடம் கழித்து, கணினி வந்தபிறகு, அந்தச் சிட்டியைப் போட்டுப் பார்த்தேன். அதுவரை அவள் கட்டியது, முதல் மாதம் 500, இரண்டாம் மாதம் பங்கு 125 கழித்து 375, ஆக 875 ரூபாய். பிறகு கழிவு போக மாதம் சராசரி 420 வீதம் பதினெட்டு மாதம் கட்டினாள் என்று வைத்துக்கொண்டால், ரெண்டரை வட்டிக்குள்தான் வருகிறது. அஞ்சு வட்டிக் கடனை ரெண்டரை வட்டிக் கடனால் அடைத்திருக்கிறாள், கிழங்கு தொலிக்கிற நேரத்தில். சொல்லிச் சிரிக்க அப்போது அவள் இல்லை.

வொலட்டிலிட்டி பற்றி ஒரு வரி. 2011-ல் கிலோவுக்கு 240 ரூபாய் வரை போன ரப்பர், 2016 தொடக்கத்தில் நூறுக்குக் கீழே விழுந்தது. அதைத் தாங்கி, பால்வெட்டு நிறுத்தி, மறுபடி வெட்டியவருக்குச் சந்தை ஏறி இறங்கும் என்று நீங்கள் வகுப்பெடுக்கிறீர்கள். அவர் உங்களுக்கு எடுக்கவேண்டிய வகுப்பு அது.

இன்னொன்று, கோபித்துக்கொள்ள வேண்டாம். பாலிசி மோசம் என்று விளக்கியபிறகு அந்த அம்மாவுக்கு வேறு எதைக் காட்டினீர்கள்? மியூச்சுவல் ஃபண்டில் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளான் 2013 ஜனவரியிலிருந்தே இருக்கிறது. அதைப் பற்றிச் சொன்னீர்களா, அல்லது உங்கள் அலுவலகத்துக்குக் கமிஷன் வருவதையா? இரண்டாவதென்றால், எந்தத் தரகனையும் முகத்தைப் பார்த்தே அறிகிற மீன் சந்தைக் கண் அவருக்கு. பாலிசி ஏஜெண்டாவது வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதிவிட்டுப் போகிறவராக இருப்பார். நீங்கள் ஏசி அறையில் இருக்கும் பையன்.

ஒரு காலை சந்தைக்கே போங்கள். மீன் வாங்குங்கள், பேரம் பேசித் தோற்றுப்போங்கள். பிறகு அந்த அரை வட்டியைச் சொல்லிப் பாருங்கள். புதிய பாலிசி என்றால் தாள் கைக்கு வந்து முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுக்க வழி உண்டு, அது உங்களுக்கே தெரிந்திருக்கும். போன மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தத் தேதி?