ஸ்பெயின் நாட்டு நடனமான ஃபிளமெங்கோவை யூடியூப் பார்த்தே கற்றுக்கொள்ள முடியாதா?

கேட்டவர் பல வருடம் பரதம் ஆடியவர், இப்போது படிப்புக்காக ஸ்பெயினின் செவில் நகரத்தில் இருக்கிறார். வீடியோ போதுமா, மேடையில் ஆடுகிற ஒருவரிடம் போய்த்தான் ஆக வேண்டுமா என்பது கேள்வி. நானும் பரதத்திலிருந்து போய் அதே ஊரில் கற்றவள்தான், அதனால் சொல்கிறேன்.

கால் வேலையை வீடியோ பார்த்தே ஓரளவு பழகலாம். முன்பாதம், குதிகால், முழுப்பாதம் என்று மாற்றி மாற்றித் தட்டுவது தட்டடவு ஆடிய காலுக்குச் சீக்கிரமே பிடிபடும். அரைமண்டி அளவுக்கு உட்கார வேண்டாம், முட்டி லேசாக மடிந்திருந்தால் போதும்.

வீடியோவில் கிடைக்காதது பாடகர். செவிலில் தப்லாவோ என்கிற சிறிய அரங்குகளில் ஆடுபவர், பாடுபவர், கிதார்காரர் மூவரும் பல சமயம் முழு ஒத்திகை இல்லாமலே மேடை ஏறுவார்கள், ஆனாலும் எல்லாம் பொருந்தி வரும், ஏனென்றால் யமாதா என்கிற காலடி அழைப்பைக் கேட்டதும் பாடகர் பாட்டை எடுக்க வேண்டும், அவர் பாடும்போது நாம் காலை அடக்கி வாசிக்க வேண்டும், பாட்டின் அடி முடிகிற இடத்தில் ரெமாத்தே என்கிற முடிப்புக் காலடியைப் போட்டுப் பதில் சொல்ல வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த ஒப்பந்தம். ராத்திரி மேடையில் இதையே செய்துவிட்டு மறுநாள் வகுப்புக்கு வருகிறவருக்கு, நீங்கள் அழைப்பைக் கொஞ்சம் தயங்கிப் போட்டாலே பாடகர் உள்ளே வரமாட்டார் என்று தெரியும். உடனே உங்களை நிறுத்திவிடுவார்.

தாளத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சோலேயா, புலேரியா போன்ற ஃபிளமெங்கோ வகைகள் 12 எண்ணிக்கைச் சுற்று, அழுத்தம் வழக்கமாக 3, 6, 8, 10, 12-ல் விழும். நமக்கோ பரதத்தில் தீர்மானத்தை (முடிப்புக் கோவையை) முடித்துச் சமத்தில், அதாவது தாளச் சுற்றின் முதல் எண்ணிக்கையில், வந்து விழுந்துதான் பழக்கம். அங்கே பெரும்பாலும் 10-லேயே முடித்து நின்றுவிடுவார்கள். மிச்சம் இரண்டு எண்ணிக்கையைச் சும்மா விட நம் கால் லேசில் சம்மதிக்காது! என் ஆசிரியை முதலில் ஆடவே விடாமல் உட்கார வைத்துக் கைதட்டத்தான் சொன்னார் (பால்மாஸ் என்பார்கள், அதுவே தனி வித்தை). அது இல்லாமல் 10 எனக்கு உடம்பில் இறங்கியிருக்காது.

அதே சமயம், பிரமாதமாக ஆடுகிற எல்லோரும் நன்றாகச் சொல்லித் தருவார்கள் என்றில்லை. சிலர் தங்கள் சொந்த நடனம் ஒன்றை அப்படியே மனப்பாடம் செய்ய வைத்து அனுப்பிவிடுவார்கள். சேரும் முன் ஒரு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள், கிதார் நேரில் வாசிக்கிறார்களா, எப்போதாவது பாடகர் வருவாரா என்று கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் அது காசு கொடுத்துப் பார்க்கும் யூடியூப்தான், என் கணக்கில்.

செவிலிலேயே கிறிஸ்டினா ஹீரன் அறக்கட்டளைப் பள்ளி இருக்கிறது, ஆட்டம், பாட்டு, கிதார் மூன்றும் அங்கே கற்றுத் தருகிறார்கள். ரயிலில் பக்கத்திலுள்ள ஹெரேஸ் நகரத்துக்குப் போனால், 1997 முதல் நடக்கும் ஹெரேஸ் ஃபிளமெங்கோ விழாவில் (பிப்ரவரி, மார்ச் வாக்கில்) முன்னணிக் கலைஞர்களே வகுப்பு எடுப்பார்கள். ஆனால் அடிப்படை தெரியாமல் போனால் வேகத்தில் தொலைந்துபோவீர்கள், நிலை பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

தொடங்குவதற்கு நாலு எண்ணிக்கையில் வரும் தாங்கோஸ் என்கிற வகை நல்லது. அப்புறம், ஆணி அடித்த ஷூவை வாங்கியதும் ஒரு மரப்பலகையும் வாங்கிவிடுங்கள், வெறும் டைல்ஸ் தரையில் தட்டினால் முட்டிக்கும் ஆகாது, கீழ் வீட்டுக்காரருக்கும் ஆகாது.